சிறார் ஆற்றலும் இயக்கச் சோதனையும்

விளையும் பயிரை முளையிலேயே காணலாம் என்பது முதுமொழி. விளையாட்டு வீரரையும் அவ்வாறு இளமையிலேயே கண்டறிதல் கூடுமோ என்னும் வினா இருபதாம் நூற்றாண்டின் உடற்கல்வியாளர் சிந்தையைப் பெரிதும் ஈர்த்தது. அவ்வினாவுக்கு விடைகாண முயன்றோர் வரலாறு ஆராயற்பாலது.

இயக்கச் சோதனைகள் தொடக்கத்தில் வீரரைத் தேடி எழுந்தனவல்ல. 1921இல் அமெரிக்கரான டட்லி சார்ஜன்ட், நின்ற நிலையினின்று மேலெழுந்து பாயும் உயரத்தை உடலாற்றலின் அளவாகக் கொண்டார். 1923இல் உருசியரான ஒசெரெட்ஸ்கி சிறாரின் இயக்க வளர்ச்சியை வயதுக்கேற்ப மதிப்பிடும் சோதனைகளை வகுத்தார். 1954இல் வெளிவந்த கிரவுஸ் முதலியோரின் ஆய்வு, தசைவலுச் சோதனையில் அமெரிக்கச் சிறாருள் நூற்றுக்கு 57.9 வீதத்தினரும் ஐரோப்பியச் சிறாருள் 8.7 வீதத்தினரும் தவறினர் எனக் காட்டிற்று. அதனால் எழுந்த கவலையின் பயனாக 1956இல் சனாதிபதி ஐசனோவர் இளைஞர் உடற்றகுதிக்கெனத் தனி மன்றம் ஒன்றினை நிறுவினார்.

வீரரைத் தெரிதற்கென அளவுகோலை முறையாகக் கையாண்ட நாடுகளுட் கிழக்கு ஜேர்மனி தலையாயது. 1973இல் அந்நாட்டிற் பொதுத் தெரிவு முறை ஒன்று நடைமுறைக்கு வந்தது. பாடசாலைகள்தோறும் சிறாரின் உயரமும் நிறையும் அளக்கப்பட்டன. ஓட்டம், எறிதல் முதலியவற்றில் அவர் பெற்ற பெறுபேறுகளும் ஒப்புநோக்கப்பட்டன. தகுதியுடையோர் பயிற்சி நிலையங்களுக்கும், பின்னர் சிறப்பு விளையாட்டுப் பாடசாலைகளுக்கும் அனுப்பப்பட்டனர். ஏறத்தாழ 1 கோடி 70 இலட்சம் மக்களையே கொண்ட அந்நாடு 1976ஆம் ஆண்டு மொன்றியல் ஒலிம்பிக் விழாவில் 40 தங்கப் பதக்கங்களை ஈட்டியது. எனினும், அவ்வெற்றி தெரிவு முறையால் மட்டும் விளைந்ததெனல் பொருந்தாது. 1974 முதல் அரசே ஊக்கமருந்துத் திட்டம் ஒன்றினை மறைவாக நடத்திற்று. பருவமெய்தாச் சிறுமியர்க்கும், உண்மை உணர்த்தாமலே, அம்மருந்துகள் ஊட்டப்பட்டன. நாடு இணைந்தபின், 2000ஆம் ஆண்டில், முன்னாள் விளையாட்டுத்துறைத் தலைவர் மன்பிரெட் ஏவால்டைப் பேர்லின் நீதிமன்றம் குற்றவாளியெனத் தீர்த்தது.

மேற்கு ஜேர்மனியில் 1974இல் கிபார்ட், சில்லிங் என்போர் வேறொரு நோக்குடன் உடலியைபுச் சோதனையை அமைத்தனர். சட்டத்தின்மீது பின்னோக்கி நடத்தல், ஒற்றைக்காலால் உயரந் தாண்டல், பக்கவாட்டிற் பாய்தல், பலகைகளை மாற்றி வைத்துப் பக்கவாட்டிற் பெயர்தல் என்பன அதன் நான்கு கூறுகளாம். இயக்கக் குறைபாடுடைய சிறார்க்கு உதவுதற்கென எழுந்த அச்சோதனையே பின்னாளிற் பெல்சியம் முதலிய நாடுகளில் திறமையாளரைத் தெரிதற்கும் பயன்பட்டது.

சோதனை இன்றைய நிலையைக் காட்டுமேயன்றி நாளைய வளர்ச்சியை முற்றும் காட்டாது. ஒரே வகுப்பிற் பயிலும் சிறாருள் ஆண்டின் முற்பகுதியிற் பிறந்தோர் பிற்பகுதியிற் பிறந்தோரினும் ஏறக்குறைய ஓராண்டு மூத்தோராதல் கூடும். எட்டு வயதில் அவ்வேறுபாடு சிறிதன்று. முந்தி வளர்ந்தோரைத் திறமையாளர் எனவும், பிந்தி வளர்வோரைத் திறனற்றோர் எனவும் கொள்ளும் தவறு இதனால் நேர்கின்றது. ஆதலின், ஒருமுறை அளந்து விலக்குதலினும் பன்முறை அளந்து வளர்ச்சியை நோக்குதலே அறிவுடைமையாம். சிறாரின் நலனை முதலாகக் கொள்ளாத தெரிவு எத்துணைப் பதக்கங்களை ஈட்டினும் கல்வியாகாது என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.