டைனமோ மிதித்துக் கேட்ட செய்தி

போன மாதம் வீட்டுக்கு ஒரு ஹோம் தியேட்டர் வாங்கினம். போட்ட உடனேயே பாட்டுக்கு அடியில 'ம்ம்ம்' எண்டு ஒரு இரைச்சல். எர்த் சரியில்லை, ஸ்டெபிலைசர் போடுங்கோ எண்டு ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிச்சினம். அம்மா மட்டும் சிரிச்சா. "இதைவிட மோசமான கரண்டில நாங்கள் செய்தி கேட்டனாங்கள்."

அவ சொன்னது சைக்கிள் டைனமோவை.

1990இல் போர் மீண்டும் தொடங்கியதோடு வன்னிக்கு மின்சாரம் நின்றது. அரசாங்கம் விதித்த பொருளாதாரத் தடையில் பற்றரியும் அடக்கம். 2002 போர்நிறுத்தம் வரை பெரும்பாலும் இதுதான் நிலைமை. ஆனால் செய்தி கேட்காமல் இருக்க ஏலாது. எங்கே ஷெல் விழுகிறது, எந்தப் பாதை பூட்டு என்று தெரிந்தால்தான் அடுத்த நாளைத் திட்டமிடலாம். பழைய பற்றரியை வெயிலில் காயவைத்து, உப்புத்தண்ணி விட்டுப் பார்த்தார்கள். அதுவும் செத்தபிறகு டைனமோ.

சைக்கிள் டைனமோ 6 வோல்ற். றேடியோவுக்குள் போடும் நாலு 1.5 வோல்ற் பற்றரியும் சேர்ந்தால் 6 வோல்ற். கணக்கு பொருந்துது. சிக்கல் என்னவென்றால், டைனமோ தருவது ஆடலோட்ட மின்சாரம், றேடியோ கேட்பது நேரோட்டம். அதுக்கு டயோட் வேணும். டயோட் போட்டாலும் மின்சாரம் அலையலையாய்த்தான் வரும். அதைச் சமப்படுத்தக் கெப்பாசிற்றர் இல்லையென்றால் ஸ்பீக்கர் உறுமும். எங்கட ஹோம் தியேட்டரின் 'ம்ம்ம்' இதுக்குச் சொந்தக்காரன்தான்.

மிச்சம் காலின் வேலை. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, பின்சில்லில் டைனமோவை முட்டவிட்டு ஒருவர் மிதிக்க, மற்றவை சுற்றியிருந்து பிபிசி தமிழோசை கேட்பார்கள். மெதுவாய் மிதித்தால் குரல் அமுங்கும், சிற்றலையில் நிலையமே விலகிப்போகும். வேகமாய் மிதித்தால் வோல்ற்றேஜ் ஏறி றேடியோ எரியலாம். "ஒரே சீராய் மிதியடா" என்று அம்மம்மா கத்துவாவாம். அண்டைக்கு ஸ்டெபிலைசர் எங்கட மாமாவின் கால்.

இப்ப 230 வோல்ற் வருகிறது. அந்த நாளை நாங்கள் வெறும் கஷ்டமாய்த்தான் சொல்லுறம். அது ஒரு தொழில்நுட்ப வரலாறும்தான். யார் முதலில் வயர் பூட்டிப் பார்த்தது, தடைக்குள் டயோட் எங்கிருந்து வந்தது, எத்தனை றேடியோ எரிந்தது? மிதித்தவைக்கு வயசு போகுது. உங்கட வீட்டிலும் ஆராவது மிதித்திருப்பினம். கேட்டு எழுதி வையுங்கோ.