மூலங்கள் சென்ற வழி: வால்டர் எவான்ஸும் ரூட் லோகஸ் முறையும்

பின்னூட்டக் கட்டுப்பாட்டியலின் வரலாற்றில் ஒரு விந்தை உண்டு. மூலங்களே அமைப்பின் விதியைத் தீர்மானிக்கின்றன என்று அறிந்த துறை, நெடுங்காலம் அவற்றைக் காணாமல் தப்பிக்கும் வழிகளையே தேடியது.

இயந்திரங்களின் வேகத்தைச் சீராக்கும் கவர்னர்களைப் பற்றி மாக்ஸ்வெல் 1868இல் எழுதிய கட்டுரையில் இச்சிக்கல் தெளிவாக எழுந்தது. சிறப்பியல்புச் சமன்பாட்டின் மூலங்கள் அனைத்தும் எதிர்ம மெய்ப்பகுதி கொண்டிருந்தால்தான் அமைப்பு நிலைபெறும். ஆனால் உயர்படிச் சமன்பாடுகளின் மூலங்களைக் கையால் கணிப்பது பெரும்பாடு. ஆகவே ரௌத் 1877இலும், ஹர்விட்ஸ் 1895இலும் மூலங்களைக் காணாமலேயே நிலைப்பைச் சோதிக்கும் விதிகளைத் தந்தனர். நைக்விஸ்ட் 1932இல் சிக்கலை அதிர்வெண் தளத்திற்கு மாற்றினார். போடே அவ்வழியை விரிவாக்கினார்.

இவற்றால் அமைப்பு நிலைக்குமா என்று அறியலாம். எவ்வளவு விரைவில் அடங்கும், எவ்வாறு அலையும் என்பது நேரடியாகப் புலப்படாது. வானூர்திக் கட்டுப்பாட்டில் அதுவே முதன்மையான கேள்வி. நார்த் அமெரிக்கன் ஏவியேஷன் நிறுவனத்தில் பணியாற்றிய வால்டர் எவான்ஸ், 1948இலும் 1950இலும் வெளியிட்ட கட்டுரைகளில் மூலங்களிடமே திரும்பிச் சென்றார்.

அவர் சமன்பாட்டைத் தீர்க்க முற்படவில்லை. பெருக்கக் காரணியைச் சுழியிலிருந்து உயர்த்தினால் மூலங்கள் எவ்வழியே நகரும் என்று வினவினார். கலப்பெண் தளத்தின் ஒரு புள்ளிக்குத் திறந்த சுற்றின் சுழிகளிலிருந்து வரையும் கோடுகளின் கோணங்களைக் கூட்டி, துருவங்களிலிருந்து வருவனவற்றைக் கழித்தால் 180 பாகையின் ஒற்றைப்படை மடங்கு கிடைக்குமாயின், அப்புள்ளி பாதையின்மேல் உள்ளது. அவ்விடத்துப் பெருக்கக் காரணியைத் தொலைவுகளே சொல்லிவிடும். கோணங்களைக் கூட்டவும் தொலைவுகளைப் பெருக்கவும் ‘ஸ்பிரூல்’ என்ற ஒளிபுகும் பிளாஸ்டிக் கருவியையும் அவர் வடிவமைத்தார்.

எடுத்துக்காட்டாக, துருவங்கள் 0, −1, −2 ஆகிய இடங்களில் உள்ள அமைப்பைக் கொள்வோம். பெருக்கக் காரணி 6ஐத் தாண்டலாகாது என்று ரௌத் விதி கூறும். எவான்ஸின் படமோ, 0இலிருந்தும் −1இலிருந்தும் புறப்படும் இரு மூலங்கள் −0.42 அருகே சந்தித்துப் பிரிந்து, வலப்புறம் வளைந்து, காரணி 6 ஆகும்போது கற்பனை அச்சைக் கடப்பதைக் காட்டும். தகுந்த இடத்தில் ஒரு சுழியைச் சேர்த்தால் அப்பாதை இடப்புறம் வளைவதையும் காட்டும். முன்னது தீர்ப்பு, பின்னது பரிகாரம். சோதனைக் கருவி வடிவமைப்புக் கருவியாக மாறியது இவ்விடத்தில்தான்.

இன்று கணினி இப்படத்தை நொடியில் வரைகிறது. ஸ்பிரூல் அருங்காட்சியகப் பொருளாகிவிட்டது. ஆயினும் பாதையைத் தன் கையால் ஒருமுறை வரைந்த மாணவருக்கே, சுழியை எங்கு வைப்பது என்ற கேள்வி பொருளுடையதாகிறது. கணினி விடையைத் தரும். எதைக் கேட்பது என்பதைக் கற்பிப்பது எவான்ஸின் கோணக் கணக்கு.