நீரிறைக்கும் மோட்டர்: மின்னிணைப்பும் பாதுகாப்பும்

அறுகம்பே, பொத்துவில் முதலிய கரையோர ஊர்களின் தோட்டக் கிணறுகளில் 230 வோல்ட் சிங்கிள் பேஸ் மின்சாரத்தால் இயங்கும் மோட்டருக்கு வீட்டுப் பலகையிலிருந்து தனிச் சுற்றே அமைத்தல் வேண்டும். புறப்படும் கணத்தில் அது வழக்கத்தைவிட ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுப்பதால், மெல்லிய வயரை நெடுந்தூரம் கொண்டுசென்றால் வோல்ட்டளவு வீழ்ந்து, மோட்டர் சுழலமாட்டாது முனகிச் சுருள் கருகும். சாதாரண பிரேக்கர் இதனை வேளைக்கு உணராதாகையால், பெயர்த்தகட்டிலுள்ள ஆம்பியருக்கு இசைவித்த ஓவர்லோட் ரிலே அவசியமாகும். பிராணனைக் காப்பனவோ 30 மில்லிஆம்பியர் ட்ரிப் சுவிட்சும் புவித்தொடுப்புமே. இப்பிரதேசத்தின் விசேஷச் சிரமமும் புவித்தொடுப்பிலேயே உள்ளது: உலர்மணல் மின்சாரத்தை எளிதில் கடத்தாதாதலால், எர்த் கம்பி ஈரமண்ணை எட்டுமட்டும் ஆழ இறங்க வேண்டும், உப்புக்காற்றில் பச்சை பூத்த பித்தளைத் திருகுகளை, மெயின் சுவிட்சை நிறுத்தியபின், துலக்கி இறுக்க வேண்டும். சிறுபோகக் கோடையில் கிணறு வற்றும்போது பம்பி வெறுமையாய் ஓடாதிருக்க மிதவைச் சுவிட்ச் உதவும்.