உம்மாவுக்குக் கீழே சிவப்புக் கோடு

போன தவணை பாடசாலைச் சஞ்சிகைக்காகப் பிள்ளைகளின் கட்டுரைகளைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தோம். ஆறாம் தரப் பிள்ளையொன்று "எனது உம்மா" என்று ஒரு பக்கம் எழுதியிருந்தது. ஒவ்வொரு உம்மாவுக்குக் கீழும் கணினி சிவப்புக் கோடு போட்டு, "அம்மா" என்று மாற்றுச் சொல் காட்டியது. அவசரத்தில் எங்களில் ஒருவர் எல்லாவற்றையும் மாற்று என்று அழுத்திவிட்டார். புத்தகம் அச்சாகி வந்த பிறகு பிள்ளை வந்து கேட்டது: "சேர், உம்மா எண்டு எழுதினா பிழையா?"

பதில் தேடப்போய்த்தான் இந்த எழுத்துப்பிழை திருத்திகளின் கதைக்குள் நுழைந்தோம்.

1971 இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ரால்ஃப் கோரின் என்பவர் ஆங்கிலத்துக்கு ஒரு திருத்தி எழுதினார். பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டீவ் ஜோன்சன் 1975 இல் யுனிக்ஸ் கணினிக்கு இன்னொன்றை எழுத, டக் மெக்கில்ராய் அதை வளர்த்தெடுத்தார். அந்தக் கணினியின் நினைவகம் வெறும் 64 கிலோபைட். அதற்குள் ஏறத்தாழ 30,000 சொற்களை அடக்க, சொற்களின் முன்னொட்டு பின்னொட்டுகளைக் கழற்றி அடிச்சொல்லை மட்டும் வைத்துக்கொண்டார். இன்னொரு காரியமும் செய்தார். அரிதான சொற்களை வேண்டுமென்றே விட்டுவிட்டார். அரிய சொல் பட்டியலில் இருந்தால், பொதுவான சொல்லை ஒருவர் பிழையாக எழுதும்போது அது அரிய சொல்லாகித் தப்பிவிடும். நியாயமான யோசனைதான். ஆனால் எது அரிது என்பது பட்டியல் எழுதுபவர் எங்கே இருந்து எழுதுகிறார் என்பதைப் பொறுத்தது. உம்மாவுக்கும் அம்மாவுக்கும் இடையில் ஒரேயொரு எழுத்துத்தான் வித்தியாசம்.

பட்டியல் போடும் வேலை நம் கரைக்குப் புதிதல்ல. கற்பிட்டியில் 1807 இல் பிறந்த சைமன் காசிச்செட்டி, இலங்கையின் ஊர்களையெல்லாம் அகரவரிசையில் அடுக்கி 1834 இல் ஆங்கிலத்தில் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். நம் ஊரவர் தொகுத்ததால் நம் ஊர்கள் அதில் விடுபடவில்லை.

தமிழுக்கு இந்தக் கருவி பிந்தித்தான் வந்தது. காரணத்தில் பாதி நம் பழைய பாமினி எழுத்துரு. திரையில் நமக்கு "அம்மா" தெரியும்; கணினிக்கு அது நாலு ஆங்கில எழுத்தும் ஒரு அரைப்புள்ளியும். அதில் எந்தப் பிழையைத் தேடுவது? யூனிகோட் பரவிய பிறகே வழி பிறந்தது. (இன்னும் வினாத்தாளைப் பாமினியில் அனுப்பும் நண்பர்களே, உங்களைத்தான்.) மறுபாதி தமிழின் விகுதிகள். வீடு, வீட்டை, வீட்டிலிருந்து, வீட்டுக்காரருக்கும் என்று ஒரு சொல் நூறாகப் பெருகும். ஹங்கேரிய மொழியும் அப்படித்தான். அதற்காக லாஸ்லோ நெமத் உருவாக்கிய ஹன்ஸ்பெல்தான் இன்று லிப்ரே ஒஃபிஸ், ஃபயர்ஃபொக்ஸ் எல்லாவற்றுக்குள்ளும் இருக்கிறது. அதற்கு இரண்டு கோப்புகள்: ஒன்றில் அடிச்சொற்கள், மற்றதில் விகுதி விதிகள். தமிழ்நாட்டில் நீச்சல்காரன் உருவாக்கிய "வாணி" இணையத்திலேயே தமிழைத் திருத்தித் தருகிறது, அதையும் பாருங்கள்.

ஹன்ஸ்பெல்லை வெறும் கட்டளைத் திரையிலும் ஓட்டலாம். கறுப்புத் திரையைக் கண்டு பயப்பட வேண்டாம், நாங்களும் பயந்தோம். சந்தேகமான சொல்லில் அது நின்று கேட்கும்: மாற்றவா, விடவா, உங்கள் சொந்தப் பட்டியலில் சேர்க்கவா? அந்தச் சொந்தப் பட்டியல் சாதாரண எழுத்துக் கோப்பு, வரிக்கு ஒரு சொல். அதிலே ஒரு வசதி எங்களை மயக்கிவிட்டது. ஒரு சொல்லை எழுதி, சாய்கோடு போட்டு, பட்டியலில் ஏற்கெனவே உள்ள இன்னொரு சொல்லை எழுதினால், முதற்சொல்லும் இரண்டாவதைப் போலவே விகுதி ஏற்கும் என்று கருவி எடுத்துக்கொள்ளும். "உம்மா/அம்மா" என்று ஒரு வரி. அம்மாவுக்கு விதி இருக்கும் இடமெல்லாம் உம்மாவை, உம்மாவுக்கு, உம்மாவின் எல்லாம் செல்லும். அடுத்த வரி "வாப்பா/அப்பா".

பிறகு ரமழான், மவுத்து, சம்மாட்டி, கரைவலை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்த குடும்பங்கள் கொண்டுவந்த சொற்களுக்குத் தனிப் பக்கம் வைத்திருக்கிறோம். அதை அந்த வீட்டுப் பெரியவர்களிடமே கேட்டு எழுதுகிறோம்.

கருவியால் முடியாததும் உண்டு. "நானா வந்தார்" என்றால் "நான்" என்பதன் கேள்வி வடிவமென்று எண்ணி விட்டுவிடும். கடற்கரை வாடியை, யாரோ ஒரு பெண்ணைக் கூப்பிடுவதாக நினைக்கும். "தாத்தாவுக்குக் கலியாணம்" என்று பிள்ளை எழுதினாலும் கோடு விழாது. இங்கே நாம் மூத்த சகோதரியை அப்படிக் கூப்பிடுகிறோம் என்று அதற்குத் தெரியவா போகிறது. அந்த இடங்களை நாங்களே வாசித்துத்தான் பார்க்கிறோம்.

அந்தப் பிள்ளையிடம் பிழை எங்களுடையது என்று சொன்னோம். கட்டுரை அடுத்த இதழில் திரும்ப வருகிறது, அது எழுதியபடியே.