ஈரல் குலைக்கட்டியும் ஈயம் பூசிய பாத்திரமும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோயிலை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையின் இருமருங்கும் இன்று தொழிற்சாலைகளே நிறைந்துள்ளன. கார், கண்ணாடி, டயர், மின்னணுச் சாதனங்கள் எனப் பலவும் அங்கே உருவாகின்றன. பல மாவட்டங்களிலிருந்தும் வேலை தேடி வந்த இளங்குடும்பங்கள் அப்பகுதியெங்கும் குடியேறியுள்ளன. அக்குடும்பங்களின் தாய்மாரிடம் ‘ஈரல் குலைக்கட்டி’ என்றால் என்னவென்று கேட்டால் புரியாத பார்வையே விடையாகக் கிடைக்கும். அவர்களுடைய பாட்டிமாருக்கோ அச்சொல்லைக் கேட்டாலே குலை நடுங்கும். ஒரு தலைமுறை இடைவெளியில் ஒரு நோயின் பெயரே மறந்துபோயிற்று என்றால், அது வரலாற்றில் எழுதி வைக்கத்தக்க செய்தியாகும்.

பழைய தமிழ்ப் பத்திரிகைகளைப் புரட்டிப் பார்க்கும் பழக்கமுள்ளவர்கள் ‘ஜம்மி லிவர் க்யூர்’ என்னும் மருந்தின் விளம்பரத்தைக் கண்டிருப்பர். குழந்தைகளின் ஈரல் நோய் ஒன்றை முன்னிறுத்தியே சென்னையில் ஒரு மருந்து நிறுவனம் பல்லாண்டுக் காலம் நிலைத்து நின்றது. வீட்டுக்கு வீடு அந்த அச்சம் குடிகொண்டிருந்ததற்கு வேறு சான்று தேவையில்லை.

நோயின் போக்கு இதுதான். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தை. அதுவரை கொழுகொழுவென்று வளர்ந்தது. திடீரெனச் சிணுங்கத் தொடங்கும், பசி குறையும், இளங்காய்ச்சல் காயும். வயிறு மெல்ல உப்பும். வைத்தியர் வயிற்றில் கை வைத்தால் வலது விலாவின் கீழே கல்லைப் போன்று இறுகிய ஈரலும், இலையின் ஓரத்தைப் போல் கூர்மையான அதன் விளிம்பும் விரலில் தட்டும். சில வாரங்களிலோ மாதங்களிலோ கண் மஞ்சளாகும், வயிற்றில் நீர் கோக்கும். அதன் பின் நாட்களை எண்ண வேண்டியதுதான். ஒரே வீட்டில் தலைப்பிள்ளையும் அடுத்த பிள்ளையும் இவ்வாறே இறந்தமை பல குடும்பங்களில் நிகழ்ந்தது. ஆகவே, இதைப் பரம்பரை தோஷமென்றும் தாய்ப்பாலின் குற்றமென்றும் ஊரார் பேசினர். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் பழியையும் சேர்த்துச் சுமந்தாள்.

மருத்துவ ஏட்டில் இந்நோய் முதன்முதலாக ஏறியது 1887இல். கல்கத்தாவில் பி. சி. சென் என்னும் மருத்துவர் அதை விவரித்தார். 1891இல் கிப்பன்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர் அதன் திசுக்கூறுகளைப் பற்றி எழுதினார். அதற்குப் பின் ஏறத்தாழ 90 ஆண்டுகள் நாட்டின் மூலை முடுக்கெல்லாம் மருத்துவர்கள் இதனைக் கண்டனர், எழுதினர், கைவிரித்தனர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஈரல் நோய்த் துணைக்குழு 1955இல் தனியறிக்கையே வெளியிட்டது. சென்னையில் எஸ். டி. ஆச்சார், வி. பாலகோபால் ராஜு ஆகிய குழந்தை மருத்துவர்கள், நோய்க்கூறு அறிஞர் ஸ்ரீராமாச்சாரியுடன் சேர்ந்து 1960இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் எழுதிய கட்டுரை, ‘இந்தியக் குழந்தைப் பருவ ஈரல் சுருக்கம்’ என்ற பெயரை உலகறியச் செய்தவற்றுள் ஒன்று. (அந்த ஸ்ரீராமாச்சாரிதாம் பின்னாளில், 1984ஆம் ஆண்டின் போபால் விஷவாயுப் பேரிழப்பின்போது, இறந்தோர் உடல்களை ஆராய்ந்து உண்மையை வெளிக்கொணர்ந்தவர்.) எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனை 1968இல் தனி நிலையமாக எழுந்த காலத்திலும் இந்நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப்படவில்லை.

நோயை அறிவதில் ஒரு படி முன்னேற்றம் ஊசியால் வந்தது. உயிருள்ள குழந்தையின் ஈரலிலிருந்து நூலிழை போன்ற ஒரு துணுக்கை ஊசியால் எடுத்து உருப்பெருக்கியில் பார்க்க முடிந்தது. கண்ட காட்சி அறிஞரைத் திகைக்க வைத்தது. உயிரணுக்கள் ஊதிப் பருத்திருந்தன. அவற்றினுள்ளே மல்லோரி என்பவர் பெயரால் வழங்கும் ஒருவகைப் பொருள் திரண்டு கிடந்தது. அது நெடுநாள் மதுவருந்தியவரின் ஈரலில் காணப்படுவதாகப் பேர் பெற்றது. சாராயத்தின் வாடையும் அறியாத பால்குடிக் குழந்தையின் ஈரலில் குடிகாரனின் ஈரலுக்குரிய அடையாளம்! ஏதோ ஒரு நஞ்சு உள்ளே போயிருக்கிறது என்பதற்கு அதுவே குறிப்பாக இருந்தது. ஆயினும் எந்த நஞ்சு?

ஊகங்கள் பல எழுந்தன. தொற்றுக் காமாலை முற்றி இவ்வாறாகிறது என்றனர் சிலர். புரதக் குறைவு என்றனர் சிலர். ஆனால் நோயுற்றவை பெரும்பாலும் நடுத்தர வீட்டு, போஷாக்குள்ள பிள்ளைகள். பூசணம் பிடித்த நிலக்கடலையில் உண்டாகும் அஃப்ளடாக்சின் நஞ்சின் மீதும் ஐயம் விழுந்தது. மைசூரில் சத்துணவாகக் கடலை மாவு உண்ட குழந்தைகளிடம் ஈரல் கெட்டதை 1971இல் ஆய்வாளர் எழுதினர். அதுவும் முழு விடையாகவில்லை. கடலை மாவையே அறியாத வீடுகளிலும் நோய் இருந்ததல்லவா?

விடைக்கான வழி 1978, 1979ஆம் ஆண்டுகளில் திறந்தது. இலண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் பெர்னார்ட் போர்ட்மன், ஸ்டூவர்ட் டேனர் முதலியோர், இக்குழந்தைகளின் ஈரல் துணுக்குகளை ஆர்சீன் என்னும் சாயத்தில் இட்டபோது கருஞ்செம்மணிகள் திரளாகத் தெரிந்தன. செம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும் புரதம் அந்தச் சாயத்தில் அவ்வாறு தெரியும். உடனே செம்பை அளந்து பார்த்தனர். நலமான ஈரலில் உலர்ந்த எடையில் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 50 மைக்ரோகிராமுக்கு மேல் செம்பு இராது. இக்குழந்தைகளின் ஈரலிலோ அது 1000ஐத் தாண்டுவது சாதாரணமாயிருந்தது.

செம்பு எங்கிருந்து வந்தது? இவ்வினாவை ஆய்வுக்கூடத்திலிருந்து அடுப்படிக்குக் கொண்டு சென்றவர்கள் புனே கே.இ.எம். மருத்துவமனையின் ஆனந்த் பண்டிட், ஷீலா பாவே ஆகியோர். அவர்கள் டேனருடன் சேர்ந்து, நோயுற்ற குழந்தைகளின் தாய்மாரிடம் எளிய கேள்விகளைக் கேட்டனர். தாய்ப்பாலை எப்போது நிறுத்தினீர்கள்? மாட்டுப்பால், எருமைப்பால் எப்போது தொடங்கினீர்கள்? எந்தப் பாத்திரத்தில் காய்ச்சினீர்கள், எதில் ஊற்றி வைத்தீர்கள்? விடைகள் ஒரே திசையைக் காட்டின. பிறந்த சில வாரங்களிலேயே விலங்குப்பால்; அதுவும் பித்தளையிலோ செம்பிலோ காய்ச்சி, அதிலேயே வைத்திருந்த பால். 1983இல் இவ்வாய்வு லான்செட் இதழில் வெளிவந்தது. 1987இல் நலமான பிள்ளைகளோடு ஒப்பிட்ட ஆய்வும் அதையே உறுதி செய்தது.

இங்கே சற்று நின்று நம் வீட்டு அடுக்களையை எண்ணிப் பார்க்க வேண்டும். புளிக்குழம்பையும் மோரையும் வெறும் பித்தளையில் வைக்கலாகாது என்பது நம் மூதாட்டிமார் அனைவரும் அறிந்தது. களிம்பு ஏறும், பச்சை நிறம் கண்ணுக்குத் தெரியும், நாக்கில் கசக்கும். ரசத்துக்கென்று ஈயச் சொம்பே தனியாக வைத்தார்கள். பாலோ புளிப்பில்லாதது, களிம்பைக் காட்டாதது, வெண்மை மாறாதது. எனவே அதன்மீது எவருக்கும் ஐயம் எழவில்லை. பாலிலுள்ள கேசின் என்னும் புரதம் செம்பை ஓசையின்றிப் பற்றி இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. பெரியவர்கள் அப்பாலைக் குடித்தால் மிகுதியான செம்பைப் பித்தநீர் வழியே உடல் வெளியேற்றிவிடும். பிறந்த சில மாதக் குழந்தைக்கு அவ்வாற்றல் முதிர்ந்திராது; பிறக்கும்போதே அதன் ஈரலில் செம்பு மிகுதியாக இருக்கிறது. தாய்ப்பாலில் செம்பு மிகக் குறைவாக அமைந்திருப்பதன் பொருத்தம் அப்போதுதான் விளங்குகிறது. பழிக்கப்பட்ட தாய்ப்பாலே காப்பாக இருந்தது. பழியேற்காத சொம்பே வினை செய்தது.

பழைய மருத்துவக் குறிப்புகள் பலவற்றிலும் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வருகிறது: இந்நோய் இந்துக் குடும்பங்களில், அதிலும் மரக்கறி உண்போரிடம் மிகுதி; முஸ்லிம்களிடம் அரிது. அக்காலத்து ஆசிரியர்கள் இதற்கு உணவையும் குலத்தையும் காரணம் காட்டித் தடுமாறினர். என் கருத்தில் ஒரு பகுதி விடை நம் சமையற்கூடத்தில் இருக்கிறது. நம்மவர் வீடுகளில் தேக்சாவும் ஸஹனும் செம்பாலானவையே. ஆனால் அவை உள்ளே ஈயம் பூசப்பட்டவை. துருத்தியும் நவச்சாரமுமாகத் தெருத்தெருவாய் வந்த ஈயம் பூசுபவர், பாத்திரத்தைக் காய்ச்சி, வெள்ளீயத்தை உருக்கி, பஞ்சால் ஒரே வீச்சில் துடைத்துப் பளபளக்கச் செய்வாரே, அந்த மெல்லிய படலம் உணவுக்கும் செம்புக்கும் நடுவே திரையாய் நின்றது. (வெள்ளீயத்தில் கரீயம் கலந்தால் அதுவே வேறொரு நஞ்சு, அது தனிக்கதை.) மேலும், பாலூட்டலின் நிறைவான காலமாகத் திருக்குர்ஆன் ஈராண்டைக் குறிப்பிடுவதால், நம் தாய்மாரிடம் நெடுநாள் பாலூட்டும் வழக்கமும் இருந்தது. இதனால் நம் சமுதாயம் முழுதும் தப்பியது என்று பெருமை பேச இடமில்லை. நம் பிள்ளைகளிலும் இறந்தவர் உண்டு; ஈயம் தேய்ந்த பாத்திரம் எல்லார் வீட்டிலும் இருந்தது.

காரணம் தெரிந்ததும் மருந்தும் கிடைத்தது. உடலில் செம்பு தேங்கும் வில்சன் நோய்க்காக 1956இல் ஜான் வால்ஷ் கண்டறிந்த பெனிசிலமைன் என்னும் மருந்தைப் புனேக் குழுவினர் இக்குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். 1987இல் வெளிவந்த முடிவு இதுதான்: கண் மஞ்சளாகும் முன்பே வந்த குழந்தைகளுள் கணிசமானோர் பிழைத்தனர், காமாலையும் மகோதரமும் கண்ட பின் வந்தவர்களை மருந்தால் பெரிதும் காக்க முடியவில்லை. பிழைத்தவர்களைப் பல்லாண்டு பின்தொடர்ந்து 1996இல் எழுதியபோது, அவர்களின் ஈரல் தேறியிருந்ததும் மருந்தை நிறுத்த முடிந்ததும் தெரிந்தது. ஒரு நூற்றாண்டாகத் தப்பிப்பதே அரிதென்றிருந்த நோயில் இது சிறு செய்தியன்று.

ஆனால் நோயை நாட்டைவிட்டு விரட்டியது மருந்தன்று. எவர்சில்வர் பாத்திரம் அதை விரட்டிற்று என்றே சொல்லலாம். 1960களிலிருந்து பழைய பித்தளையைப் போட்டுப் புதிய எவர்சில்வர் வாங்குவது நம் பெண்களின் பெருவிருப்பமாயிற்று. சொம்பும் தவலையும் பரணுக்கு ஏறின. எந்தச் சுகாதாரத் துறையும் திட்டமிடாமலே 1990களில் இந்நோய் மருத்துவமனைகளில் காணக் கிடைக்காத ஒன்றாயிற்று.

ஆஸ்திரியாவின் திரோல் மலைப்பகுதியிலும் இதே கதை நிகழ்ந்தது. 1900 முதல் 1974 வரை அங்கே 138 குழந்தைகள் இத்தகைய ஈரல் நோய்க்கு இரையானதை 1996இல் மருத்துவர்கள் வெளியிட்டனர். அங்கும் ஈயம் பூசாத செம்புப் பாத்திரத்தில் காய்ச்சிய பால். பாத்திரம் மாறியதும் நோயும் மறைந்தது. உறவு நெருங்கிய குடும்பங்களிலேயே அது மிகுந்திருந்தமையால், செம்போடு பிறவிக்கூறும் ஒன்று சேர வேண்டும் என்று அவர்கள் கருதினர். ஒரே பாத்திரத்துப் பாலைக் குடித்த ஒரு பிள்ளை மாள, மற்றொன்று பிழைத்தது ஏன் என்ற புதிருக்கு இது ஓரளவு பொருந்துகிறது.

எல்லா அறிஞரும் இதை ஒப்பவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஸ்ரீராமாச்சாரியும், மற்றொரு நோய்க்கூறு அறிஞரான என். சி. நாயக்கும் தம் முதுமையிலும் இக்கொள்கையை எதிர்த்து எழுதினர். செம்பு தேங்கியது நோயின் விளைவே, காரணமன்று என்பது அவர்கள் வாதம். நோயே மறைந்துவிட்டதால் இனி இதைச் சோதித்து முடிவு காண்பதும் அரிது. எனினும், பாத்திரம் மாறியபோது இரு நாடுகளில் நோய் மறைந்தது என்ற செய்தி எனக்கு அவர்கள் வாதத்தைவிட வலுவாகத் தோன்றுகிறது.

இவ்வளவும் பழங்கதையென்று தள்ள முடியாதபடி, செம்பும் பித்தளையும் இப்போது பழம்பெருமையின் பெயரால் கடைகளுக்குத் திரும்பியுள்ளன. பெரியவர்கள் அவற்றில் தண்ணீர் வைத்துக் குடிப்பது வேறு. கைக்குழந்தையின் பாலை ஈயம் பூசாத பித்தளையில் காய்ச்சுவது வேறு. பின்னதை எந்தக் குழந்தை மருத்துவரும் அனுமதியார்.

இன்றைய குழந்தைகளின் ஈரலுக்கு வேறு பகைகள் உள்ளன. அவற்றுள் கொடியது, பிறந்த குழந்தையின் பித்தநாளம் அடைபட்டுப்போகும் நோய். பிறந்து இரு வாரங்களுக்குப் பின்னும் மஞ்சள் நீங்காமல், மலம் சுண்ணாம்பைப் போல் வெளுத்துப் போனால் அதுவே அடையாளம். வெயிலில் காட்டினால் மஞ்சள் சரியாகிவிடும் என்று வீட்டில் காத்திருப்பது இங்கே பெருங்கேடு. ஜப்பானில் மோரியோ கசாய் என்பவர் 1950களில் வகுத்த அறுவை, குழந்தைக்கு 60 நாள் ஆகுமுன் செய்தால்தான் நன்கு பலிக்கிறது. அது தவறினால் மாற்று ஈரலே வழி. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் முதல் கார் உருவாகி வெளிவந்த அதே 1998ஆம் ஆண்டின் நவம்பரில், காஞ்சிபுரத்தைச் சேர்ந்த 20 மாதக் குழந்தை ஒன்று இந்நோயோடு டெல்லி அப்பல்லோ மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டது. தந்தை தம் ஈரலின் ஒரு பகுதியைக் கொடுத்தார். இந்தியாவில் ஒரு குழந்தைக்கு வெற்றியாக நடந்த முதல் ஈரல் மாற்று அதுவே. அக்குழந்தை வளர்ந்து மருத்துவம் படித்தது.