செருகுவாய்: ஒரு கணினி உறுப்பின் வரலாறு

பழைய கணினி ஒன்றைப் பழுது பார்க்கும் கடைக்கு எடுத்துச் சென்று, "இதன் கிராஃபிக்ஸ் கார்டை மட்டும் மாற்றித் தர முடியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். மேசைக் கணினி என்றால், "போர்டைப் பார்த்துச் சொல்கிறேன் சார்" என்பார் கடைக்காரர். மடிக்கணினி என்றாலோ, "அது போர்டோடு சேர்ந்தது சார், புதுசே வாங்கிடுங்க" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் மறுமொழி. இவ்விரு மறுமொழிகளுக்கும் இடையே நாற்பதாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு ஒன்று கிடக்கிறது. எழுத்தை நேசிக்கும் நம் போன்றோருக்கும் அதில் பங்குண்டு என்பதால் அதைச் சற்றே விரிவாகக் காண்போம்.

1981 ஆகஸ்டில் ஐபிஎம் நிறுவனம் தன் முதல் பெர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. அதன் தாய்ப்பலகையில் ஐந்து செருகுவாய்கள் இருந்தன. கடைக்காரர்கள் ஸ்லாட் என்று சொல்வது இதைத்தான். திரையில் எழுத்தைக் காட்டும் வேலையைக்கூட ஐபிஎம் தாய்ப்பலகையில் வைக்கவில்லை. அதற்கெனத் தனி அட்டை வாங்கி ஒரு செருகுவாயில் பொருத்த வேண்டியிருந்தது. ஐபிஎம் தந்தவை இரண்டு அட்டைகள். எம்டிஏ என்ற அட்டை எழுத்துகளைக் கூர்மையாகக் காட்டும். ஆனால் தன்னுள் நிலையாகப் பதிக்கப்பட்ட 256 குறிகளைத் தாண்டி ஒரு புள்ளியையும் வரையாது. சிஜிஏ என்ற அட்டை படம் வரையும். ஆனால் அதன் உச்ச நுணுக்கமே 640க்கு 200 புள்ளிகள்தான். ஆங்கிலம் எழுதுவோருக்கு முன்னது போதும். வண்ணப் படம் வேண்டுவோருக்குப் பின்னது போதும். வேறு எழுத்து உடையவர்கள் என்ன செய்வது?

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இருந்த வான் சுவன்னுக்குல் என்ற தாய்லாந்துக்காரருக்கு இந்தக் கேள்வி எழுந்தது. தம் முனைவர் பட்ட ஆய்வேட்டுப் பணியைத் தாய்லாந்து எழுத்துகளைக் கொண்டு ஐபிஎம் கணினியில் செய்ய விரும்பினார் அவர். அவ்வெழுத்துமுறையில் மெய்யின் மேலும் கீழும் உயிர்க்குறிகள் அமரும். அவற்றுக்கும் மேலே ஒலியேற்றக் குறிகள் ஏறும். எம்டிஏவின் 256 குறிகளில் அவற்றுக்கு இடமில்லை. சிஜிஏவின் 200 வரிகளிலோ அவை தெளிவாகத் தெரியா. ஆகவே அவர் தாமே ஓர் அட்டையை வடிவமைத்தார். 1982இல் வெளிவந்த ஹெர்குலிஸ் வரைகலை அட்டை பிறந்த கதை இதுவே. எம்டிஏ பயன்படுத்திய அதே ஒற்றை நிறத் திரையில், 720க்கு 348 என்ற அளவில் ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியே ஆளும் வல்லமை அதற்கு இருந்தது. 1983இல் வந்த லோட்டஸ் 1-2-3 என்ற கணக்கு மென்பொருள் அதை ஏற்றுக்கொள்ளவே, அட்டை உலகெங்கும் பரவிற்று. தாய்லாந்து எழுத்துக்காக எழுந்த தேவை, ஆங்கிலக் கணக்கர்களின் வரைபடங்களுக்குப் பயன்பட்டது!

இதற்காக அவர் ஐபிஎம்மின் வாசலில் காத்து நிற்க வேண்டியிருக்கவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டியது. செருகுவாயின் இலக்கணத்தை ஐபிஎம் தன் தொழில்நுட்பக் கையேட்டில் மின்சுற்று வரைபடங்களுடன் வெளியிட்டிருந்தது. அந்தக் கதவின் வழியே யாரும் நுழையலாம். நம் எழுத்தும் அவ்வழியே நுழைந்தது. கான்பூர் ஐஐடியில் தொடங்கிய ஆய்வு, 1988இல் நிறுவப்பட்ட சி-டாக் நிறுவனத்தின் கையில் ஜிஸ்ட் அட்டையாக வளர்ந்தது. அதைக் கணினிக்குள் செருகினால், ஆங்கிலத்துக்கென எழுதப்பட்ட டாஸ் மென்பொருள்களிலும் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளைத் தட்டச்சு செய்யலாம்.

கதவைச் சாத்தும் முயற்சிகளும் நடந்தன. 1987இல் ஐபிஎம், பிஎஸ்/2 கணினிகளில் மைக்ரோ சேனல் என்ற புதிய செருகுவாயைக் கொண்டு வந்தது. பழைய அட்டைகள் அதில் நுழையா. அதைப் பயன்படுத்த விரும்பும் பிற நிறுவனங்கள் ஐபிஎம்முக்கு உரிமத்தொகை தர வேண்டும். போட்டியாளர்கள் ஒன்பது பேர் 1988இல் ஒன்றுகூடி, பழைய அட்டைகளையும் ஏற்கும் ஈஐஎஸ்ஏ என்ற மாற்றை அறிவித்தனர். சந்தை ஐபிஎம்மைப் பின்தொடரவில்லை.

பின்னர் 1992இல் பிசிஐ, 1997இல் ஏஜிபி, 2004இல் பிசிஐ எக்ஸ்பிரஸ் என்று செருகுவாய்கள் மாறின. ஒவ்வொரு மாற்றத்திலும் பழைய கணினி வைத்திருந்தோர் கைவிடப்பட்டனர் என்றாலும், இடைவழிகள் பிறந்துகொண்டேயிருந்தன. 1996இல் வந்த வூடூ அட்டை, பழைய அட்டையை அகற்றச் சொல்லவில்லை. அதன் அருகில் அமர்ந்து, ஒரு கம்பி வழியே அதன் படத்தை வாங்கித் திரைக்கு அனுப்பி, முப்பரிமாண விளையாட்டு வரும்போது மட்டும் தான் பொறுப்பேற்றது. ஏஜிபியின் அந்திமக் காலத்தில், புதிய சில்லுகளை இணைப்புச் சில்லு ஒன்றின் துணையோடு பழைய செருகுவாயில் ஓட்டும் அட்டைகள் விற்றன. பிசிஐ எக்ஸ்பிரஸின் வடிவமோ இன்றும் மாறவில்லை. பழைய மேசைக் கணினியில் புதிய அட்டை பெரும்பாலும் செருகுவாயில் அமர்ந்துவிடும், தடையாவது மற்றவை. செருகுவாய் தருவது 75 வாட்தான். அதற்கு மேல் கேட்கும் அட்டைக்குத் தனி மின்கம்பி தர மின்வழங்கி இடம்கொடுக்க வேண்டும். பழைய பயாஸ் புதிய அட்டையை அடையாளம் காண மறுக்கலாம். மெதுவான செயலி அட்டையைக் காத்திருக்க வைக்கலாம். கடைக்காரர் "போர்டைப் பார்த்துச் சொல்கிறேன்" என்பதன் பொருள் இதுவே.

மடிக்கணினியின் கதை வேறு. 2004இல் என்விடியா சில தயாரிப்பாளர்களோடு சேர்ந்து, மடிக்கணினிக்கும் மாற்றத்தக்க வரைகலை அட்டை வேண்டும் என்று எம்எக்ஸ்எம் என்ற வரையறையை வெளியிட்டது. ஆனால் வெப்பத்தை வெளியேற்றும் செப்புக் குழாயின் வடிவும் பயாஸின் விதிகளும் மாடலுக்கு மாடல் வேறுபட்டமையால், ஒன்றின் அட்டை மற்றொன்றில் பொருந்துவது அரிதாயிற்று. உடல் மெலிய மெலியச் சில்லுகள் பலகையோடு பற்றவைக்கப்பட்டன. பல கணினிகளில் வரைகலைப் பகுதி செயலிக்குள்ளேயே குடிபுகுந்தது. இதில் பயனில்லை என்று சொல்ல மாட்டோம்: எடை குறைந்தது, மின்கலம் நெடுநேரம் நின்றது, விலையும் இறங்கிற்று. ஆயினும் ஓட்டு வீட்டில் ஓர் ஓடு உடைந்தால் ஓர் ஓட்டை மாற்றுவோம்; இங்கே ஓர் ஓட்டுக்காக வீட்டையே இடிக்கச் சொல்கிறார்கள்.

தண்டர்போல்ட் கம்பி வழியே வெளியில் பெட்டி வைத்து அட்டையை இணைக்கும் வழி ஒன்று வந்தது. ஆப்பிள் 2018இல் அதற்கு முழு ஆதரவு தந்தது. 2020 முதல் தன் சொந்தச் சில்லுகளுக்கு மாறியபோது அவற்றில் அவ்வாதரவைத் தரவில்லை. எதிர்த்திசையில், பிரேம்வொர்க் என்ற சிறு நிறுவனம் 2024 முதல் அனுப்பிய 16 அங்குல மடிக்கணினியில் வரைகலைப் பகுதியைக் கழற்றி மாட்டலாம். அதற்கே 2025இல் புதிய என்விடியா பகுதியையும் அறிவித்து, பழைய கணினியில் அதைப் பொருத்திக்கொள்ள வழி செய்தது. செய்ய இயலும் காரியந்தான் என்பதற்கு இஃதொரு சான்று.

தாய்லாந்து எழுத்துக்கோ தமிழுக்கோ இன்று தனி அட்டை தேவையில்லை. ஆனால் 1981இல் ஐபிஎம்மின் பொறியாளர்கள் தாய்லாந்து எழுத்தைக் கருதவில்லை. கருதாத தேவைக்கும் இடமிருந்தமையால்தான் அவ்வாய்வேட்டுக்கு வழி பிறந்தது. அடுத்த முறை கணினி வாங்கும்போது வேகத்தையும் விலையையும் கேட்பதோடு, இதில் எதைக் கழற்றி மாற்ற முடியும் என்றும் ஒரு கேள்வி கேட்டு வைப்போம். பலர் கேட்டால் தயாரிப்பவர் காதிலும் அது விழக்கூடும்.