கடிகையும் தறிக்குழியும்

காஞ்சியைக் கல்வி மாநகரென்று புகழ்ந்தனர் பழம்புலவர். புகழட்டும், யாருடைய கல்வி என்று நாம் கேட்போம்! பல்லவர் காலத்துக் காஞ்சிக் கடிகையில் மறை பயில வந்தான் மயூரசர்மன் என்று கூறுகிறது தாளகுந்தாக் கல்வெட்டு. மறையவன் மகனுக்குக் கடிகை, நெய்பவன் மகனுக்கு? தறிக்குழி!

கோர்வைப் பட்டில் உடலும் இரு கரைகளும் இணைய மூன்று நாடாக்கள் ஓடவேண்டும். நெசவாளியின் இரு கை போதாது. துணைக்கு வந்தது, பெரும்பாலும், பிள்ளையின் கை. ஏடு ஏந்தவேண்டிய கை, தோழர்களே!

1953இல் ஆச்சாரியார் ஆட்சி என்ன செய்தது? சிற்றூர்த் தொடக்கப்பள்ளிகளில் பாடவேளையை மூன்று மணியாகச் சுருக்கியது. எஞ்சிய பொழுதில் தந்தையின் தொழிலைப் பழகு என்றது. வறுமை தள்ளிய குழியிலே அரசும் தள்ளிற்று! குலக்கல்வி என்று கூறிக் கொதித்தெழுந்தது தமிழகம். பெரியார் களம் கண்டார். கழகம் களம் கண்டது. காஞ்சி நெசவாளர் குடும்பத்திலே பிறந்து, பச்சையப்பன் கல்லூரியில் பட்டம் பெற்ற அண்ணாவே அத்திட்டத்துக்கு உயிருள்ள மறுப்பு. 1954இல் முதல்வரான காமராசர் அதைக் கைவிட்டார். 1956இல் பள்ளியிலே பகலுணவும் படைத்தார்.

வரலாறு தரும் பாடம் இதுவே: கதவைத் திறந்தால் மட்டும் போதாது, பிள்ளையைக் கட்டியிருக்கும் கயிற்றையும் அறுத்தாகவேண்டும். பசிக்குச் சோறு, பெற்றோருக்கு நிறைகூலி, பார்வையற்ற பிள்ளைக்குத் தொட்டுணரும் ஏடு. இவையின்றி, 2009இல் பிறந்த கல்வி உரிமைச் சட்டமும் வெறுந்தாளே. உம் தெருவில் இன்று பள்ளிக்கு வராத பிள்ளை யார்? அந்த வீட்டிலிருந்து தொடங்கட்டும் நம் பணி!